எடப்பாடிக்குப் போகவேண்டிய சக்கரம்

19 ஜூலை 1936, ஞாயிறு

காலையில் நாலு பக்கம் படித்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஆடிக்காற்று. ஒரு கையால் தாளை அழுத்திக்கொண்டு, மறு கையால் கண்ணில் விழும் புழுதியைத் துடைத்துக்கொண்டு என்னத்தைப் படிப்பது?

பட்டம் வாங்கி ஊர் திரும்பி ஒரு வருஷம். சங்ககிரி மலை அதே இடத்தில் இருக்கிறது. நானும்.

மத்தியானம் மாப்பிள்ளை அப்புசாமி விருந்துக்கு வந்தார். தங்கை சௌந்திரத்தின் புருஷன். மாசியில் கல்யாணம். முதல் ஆடி என்று அவளை இப்போதுதான் இங்கே அழைத்து வந்திருக்கிறோம். அவர் எடப்பாடியிலிருந்து சைக்கிளிலேயே வந்தார். சீரோடு நாங்கள் கொடுத்த சைக்கிள். வெயிலில் கண்ணைப் பறிக்கிற மாதிரித் துடைத்து வைத்திருக்கிறார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கிணற்றடியில் கவலையில் நீர் இறைக்கிற மாடுகள் ஏறி இறங்குகிற சரிவைப் பார்த்தார். "இதுல வண்டிய உட்டா எப்படிப் போகும், பாக்கறீங்களா மச்சான்?" நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார். சரிவின் அடியில் கல். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. முன்சக்கரம் எட்டுப்போட்ட மாதிரி முறுக்கிக்கொண்டது.

அம்மா ஓடிவந்து முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தாள்.

20 ஜூலை

மாப்பிள்ளை பஸ்ஸில் போய்விட்டார். "எங்கம்மா பாத்தா என்னத் தொலைச்சுப்போடுவா. நேராக்கி வையுங்க மச்சான். ஆவணி பொறந்ததும் வண்டியும் அவளும் ஒண்ணா வரட்டும்." சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். எனக்கு அவரைப் பிடிக்கும்.

அம்மா ஒரு சட்டம் சொல்கிறாள். சீராகக் கொடுத்த பொருள் ஊனப்பட்டு மாமியார் வீட்டு வாசல் ஏறக்கூடாது. பெண்ணும் அதோடு போய் இறங்கக்கூடாது. "ஒடைஞ்சதத் தூக்கிக்கிட்டு எம்புள்ள அந்தப் படிய மிதிக்கோணுமா?" ஆகவே, சக்கரம் நேராகும்வரை சௌந்திரம் கிளம்ப முடியாது. இது எந்த நூற்றாண்டு?

சேலத்துக்குக் கொண்டுபோய்ப் புது ரிம் போடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா அம்மாவிடம் சொன்னார்: "சும்மாதான இருக்கறான். அவனே செய்யட்டும்."

மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம்.

இது எங்கள் பக்கத்தில் அதிசயம் இல்லை. மீசை முளைத்த பிள்ளையும் தகப்பனும் முகத்துக்கு நேரே பேசிக்கொள்கிற வீடு குறைவு. பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான் பாயும்.

22 ஜூலை

சைக்கிளின் தோல் பையில் கம்பி திருகும் சாவி ஒன்று இருந்தது. நல்லதாயிற்று.

சக்கரத்தைக் கழற்றி இரண்டு கற்களுக்கு நடுவே படுக்கவைத்து, மேலே ஏறி மிதித்தேன். முறுக்கு ஓரளவு இறங்கியது. திரும்ப மாட்டி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, முன்கவையில் ஒரு ஈர்க்குச்சியைக் கட்டி, சக்கரத்தைச் சுழற்றினேன். ரிம் எங்கே குச்சியைத் தொடுகிறதோ அங்கே கோட்டம். அந்தப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்த வேண்டும், எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்க வேண்டும். ஒரு இடத்தைச் சரிசெய்தால் கோட்டம் அடுத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் பாரத்தைத் தாங்குகிறது. கீழே ஊன்றி நிற்கிறது. இதில் எந்தக் கம்பியும் எதையும் தாங்கவில்லை. எல்லாம் இழுக்கின்றன. நடு அச்சு மேல்கம்பிகளில் தொங்குகிறது. எல்லாம் ஒரே அளவு இழுப்பதால் ஒன்றும் நகர்வதில்லை. குடும்பம் என்று சொல்வதும்—

உவமை தேடாதே. வேலையைப் பார்.

24 ஜூலை

காலையில் சக்கரத்தைக் காணோம். வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் கட்டுத்தரையில், மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டிக்குள் கிடந்தது.

"உங்கப்பாதான் போட்டாரு சாமி," என்றாள் அம்மா. "ஊறுனா இறுகுமாம்."

கோடையில் மரச்சக்கரம் காய்ந்து ஆரக்கால் ஆட்டம் கண்டால் குட்டையில் போட்டு ஊறவைப்பார்கள். மரம் உப்பி இறுகும். இரும்பு உப்புமா? நேற்று மாலை நான் வேலைசெய்வதை அப்பா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. நானும் இப்போது போய்ச் சொல்லவில்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பனுக்கு விஷயம் போய்விட்டது. "என்னுங்க சின்னக் கவுண்டரே, சக்கரம் நல்லா ஊறுச்சுங்களா? அப்படியே ஆட்டி மாவாக்கீருங்க!"

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். கம்பிகளின் அடியில் துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

27 ஜூலை

கிட்டத்தட்ட நேர். நாளைக்கு முடிந்துவிடும்.

28 ஜூலை

முடியவில்லை. காலையில் சுழற்றினால் பழையபடி குச்சியில் உரசுகிறது. துருவின் வேலையாக இருக்கும். அல்லது இரும்புக்குத் தான் வளைந்தது மறக்கவில்லையா? இப்படியெல்லாம் யோசித்தால் உருப்பட்ட மாதிரிதான்.

2 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

எல்லாரும் காவிரிக்குப் போய்விட்டார்கள். சௌந்திரத்துக்குத் தாலிச்சரடு மாற்ற வேண்டும். நான் போகவில்லை. ஆற்றில் புதுவெள்ளம், கரையெல்லாம் கூட்டம், சித்திரான்னம்— எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு வளையத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். யார் பைத்தியம்?

ஆனால் இன்று சக்கரம் சொன்னபடி கேட்டது. கம்பிகளை விரலால் சுண்டிப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே சுருதி. பொழுது சாயும் நேரத்தில் மஞ்சள் மணக்க வண்டி வந்து இறங்கியது. சௌந்திரம் நேரே வந்து சக்கரத்தைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சுங்களா அண்ணா?" நாளைக்கு ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

3 ஆகஸ்ட்

மறுபடியும்.

5 ஆகஸ்ட்

சங்ககிரிக்கு நடந்துபோய்ப் பத்திரிகை பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினேன். ஐரோப்பாவில் ஒரு மூலையில் சண்டை மூண்டிருக்கிறது. இங்கே என் சக்கரம் சாய்ந்திருக்கிறது.

குனிந்து பார்த்தபோது கம்பித் தலைகளில் ஈர மஞ்சள்.

எல்லாக் கம்பியிலும் இல்லை. இடது பக்கத்துக் கம்பிகளில் மட்டும், ஒன்று விட்டு ஒன்று. கையை முகர்ந்து பார்த்தேன். அப்போதுதான் அரைத்த மஞ்சள். சமையற்கட்டில் அம்மிக் குழவி உருண்டுகொண்டிருந்தது.

துருவும் இல்லை, இரும்பின் ஞாபகமும் இல்லை. எத்தனை தத்துவம் பண்ணினேன்!

6 ஆகஸ்ட்

அம்மா தோட்டத்துக்குப் போயிருந்தாள். சௌந்திரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏன் அவுத்து உட்டே?"

"எதைங்ணா?"

விரலை நீட்டினேன். மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு எங்கிட்டப் பேசமாட்டாருங்ணா."

கோபமா என்றேன்.

"கோவம்னா பரவால்லையே, என்னைக்காச்சும் தீரும். ஒண்ணுமில்லீங்ணா. கல்யாணம் ஆனதுலருந்து ஒரு வார்த்தை இல்லை. நான் எதுக்கவே நிப்பேன். 'அவளத் தண்ணி கொண்டாரச் சொல்லும்மா'ம்பாரு. அத்தை எம் பக்கம் திரும்பி, 'தண்ணி கொண்டா'ங்கும். ரெண்டு பேரு மட்டும் இருந்தா எடுத்துச் சொல்ல அத்தையும் இல்லை பாருங்க, அப்ப அதுவும் கெடையாது."

பிறகு சொன்னாள்: "சைக்கிளத் தொடைக்கறப்ப மட்டும் பாடுவாரு. நல்லாத்தான் பாடுவாரு."

அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அடிக்கிறாரா என்று கேட்டாளாம் அம்மா. இல்லை. குடிக்கிறாரா? இல்லை. வேறு பெண் சகவாசம்? இல்லை. "அப்பறம் உனக்கு என்னதாண்டி கொறை? உங்கப்பா எங்கிட்ட என்னத்தப் பேசறாரு? போ, போயி வேலையப் பாரு."

பஞ்சாயத்தில் போய்ச் சொல்ல அவர்மேல் ஒரு குற்றம்கூட இல்லை. அவளுக்கு அங்கே நடப்பது எதுவும் இந்த வீட்டில் நடக்காததில்லை. நானும் அப்பாவும் எப்படி இருக்கிறோம்? ஆனால் எனக்கு ஊர் இருக்கிறது, சங்ககிரி இருக்கிறது, இந்த நோட்டு இருக்கிறது. அவளுக்கு அந்த வீட்டில் அந்த ஒரு வாய்தான். அது திறப்பதில்லை.

"போகமாட்டேன்னு அப்பாகிட்டச் சொல்லத் தெகிரியம் இல்லீங்ணா," என்றாள். "சக்கரந்தான் சொல்லோணும்."

7 ஆகஸ்ட்

இன்று சாவியை ஜன்னலிலேயே வைத்துவிட்டு வெளியே போனேன்.

11 ஆகஸ்ட்

காலையில் நான் இறுக்குகிறேன். மத்தியானம் அவள் தளர்த்துகிறாள். ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை. அவள் கை என் கையைவிடச் சுத்தம். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே அளவு கோட்டம். கம்பிக்குச் சேதம் இல்லை.

ஆனால் இது எத்தனை நாளைக்கு? நான் செய்வது உதவியா, ஒளிந்துகொள்வதா? கதவைத் திறந்து அப்பாவிடம் நாலு வார்த்தை சொல்ல வேண்டியதற்குப் பதிலாகச் சாவியை ஜன்னலில் வைக்கிறேன். படித்த கோழை.

16 ஆகஸ்ட், ஆவணி முதல் தேதி

சென்னியப்பன் எடப்பாடிச் சந்தைக்குப் போய்வந்தான். சம்பந்தியம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: "ஆவணி பொறந்தாச்சு. புள்ளைய எப்பக் கொண்டாந்து உடறாங்களாம்?" வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, "சக்கரம் இன்னும் சாயலீங்களா— இல்லை, நிமிரலீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அப்பா அம்மாவைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "சென்னப்பட்டணத்துல தங்கிப் படிச்சவனுக்கு ஒரு வளையத்த நிமித்தத் தெரியலை. இத வெச்சுக்கிட்டு நான் எந்த ஆபீசுக்கு அனுப்பறது?"

சென்னியப்பன் இன்னும் பலமாகச் சிரித்தான்.

17 ஆகஸ்ட்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சோற்றுக்குக்கூடப் போகவில்லை. காதில் அந்தச் சிரிப்பு. துருப்பிடித்த கம்பித் தலைகளில் எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக— கால் திருகல், அரைத் திருகல்— மாலைக்குள் முடிந்தது. குச்சிக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி, சுற்றிலும் ஒரே சீராக. சக்கரம் சுழல்வதே தெரியவில்லை. நின்றுவிட்டதோ என்று விரலை வைத்துப் பார்த்தேன்.

அப்பா வந்தார். தாமே ஒரு தட்டுத் தட்டிச் சுழலவிட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அம்மாவிடம் திரும்பினார்: "பரவால்லைன்னு சொல்லு. புதன்கிழமை நல்ல நாளு. வண்டி கட்டச் சொல்றேன். அவனையே கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு."

சந்தோஷமாக இருந்தது. ஆமாம், அந்த ஒரு கணம் வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் கதவோரம் சௌந்திரம்.

"நல்லாச் சுத்துதுங்ணா," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய்த் தம் அறையில் நிறுத்தினார். சாவியும் பையோடு போயிற்று.

என்ன பண்ணித் தொலைச்சேன்? ஒரு சிரிப்புப் பொறுக்காமல், அவள் சொல்ல முடியாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வார்த்தையை அழித்துவிட்டேன்.

18 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் நார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முன்னால் போய் நின்றேன்.

"நான் நாளைக்குச் சௌந்திரத்தக் கூட்டிக்கிட்டுப் போகலீங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "என்னங்கறான்?"

அம்மா வாயைத் திறந்தாள்.

"அம்மா, நீ சொல்லாதே." அப்பாவின் பக்கம் திரும்பினேன். "உங்ககிட்டத்தாங்க சொல்றேன். அவளுக்கு அங்க போக இஷ்டமில்லை. கல்யாணமானதுலருந்து அவரு ஒரு வார்த்தை பேசலை. நான் கொண்டுபோயி உடமாட்டேன்."

"படிக்க வெச்சது என் தப்புன்னு சொல்லு," என்றார் அம்மாவிடம்.

"எங்கிட்டயே சொல்லுங்க. தப்புன்னே சொல்லுங்க, ஆனா எங்கிட்டச் சொல்லுங்க."

கயிறு அவர் கையில் பின்முறுக்காகக் கழன்றுகொண்டிருந்தது. அதைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்தார். இத்தனை கிட்டத்தில் அவர் கண்களைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! வயதாகிவிட்டது.

"ஊரு பேசும்," என்றார்.

"ஊரு பேசுமுங்க. அவருதான் பேசமாட்டேங்கறாரு."

அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அம்மா நாரைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "இப்படி ஆம்பளைக நேருக்கு நேரா நின்னா நான் எதுக்குடா சாமி இந்த ஊட்டுல?" என்றாள். அழுதாளா, சிரித்தாளா?

19 ஆகஸ்ட், புதன்

விடியும்போது எழுந்தேன். வண்டியில் மாடு பூட்டவில்லை. சைக்கிள் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தது, எடப்பாடிச் சாலையைப் பார்த்தபடி.

அப்பாவைக் காணோம்.

ஏறிப் போனேன். எதிர்காற்று. எடப்பாடிக்குள் நுழையும்போது தெருவெல்லாம் தறிச் சத்தம். மாப்பிள்ளை வெளியே ஓடிவந்தார். என்னைப் பார்க்கவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினார். "அடேயப்பா! மச்சான், நீங்களா செஞ்சீங்க? சேலத்துக்காரன்கூட இப்படி எடுக்கமாட்டான்!" கம்பி எப்படி, துரு எப்படி, எண்ணெய் எது— கேட்டுக்கொண்டே போனார். நானும் சொல்லிக்கொண்டே போனேன். இவ்வளவு பேச்சு இந்த மனிதனிடம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

சம்பந்தியம்மாள்தான் கேட்டாள். "புள்ளை எங்க? வண்டி பின்னாடி வருதா?"

"அவ வரலீங்க அத்தை."

"ஏன், ஒடம்புக்குச் சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது." மாப்பிள்ளையைப் பார்த்தேன். "மச்சான், எங்கிட்டப் பேசற மாதிரி அவகிட்ட நாலு வார்த்தை பேசுங்க. பேசோணும்னு தோணுனா அங்க வாங்க. அவளக் கேளுங்க. வாரேன்னு சொன்னா நானே கொண்டாந்து உடறேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. கோபம் என்று நினைத்தேன். இல்லை. கூச்சம்! சின்னப் பையன் மாதிரித் தாயின் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றது இவருகிட்ட?"

சம்பந்தியம்மாள் சொன்னதை எல்லாம் எழுதப் போவதில்லை. நாங்கள் நல்ல குடும்பமே இல்லை என்பது அதன் சாரம்.

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பாதி தூரம் நடை, மீதி பஸ். வீட்டுக்குள் நுழையும்போது அப்பா தலையைத் தூக்காமல் கேட்டார்:

"பஸ்ஸு கெடச்சுதா?"

அம்மா அடுக்களையில் இருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"கெடச்சுதுங்க," என்றேன்.

30 ஆகஸ்ட்

ஊர் பேசுகிறது. எதிர்பார்த்ததைவிட அதிகமாக. இன்று சென்னியப்பன் வாசலில் நின்று ஏதோ ஆரம்பித்தான். அப்பா, "உன்ற மாடு எங்காட்டுல மேயுது, மொதல்ல அதப் புடிச்சுக் கட்டு," என்றார்.

11 செப்டம்பர்

எடப்பாடியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. சௌந்திரம் சாதாரணமாக இருக்கிறாள். அல்லது அப்படித் தெரிகிறாள். நான் செய்தது சரிதானா? அவளைக் கேட்டேன். "தெரியலீங்ணா. ஆனா தூக்கம் வருது," என்றாள்.

எனக்கு வரவில்லை. வேலைக்கு மூன்று இடங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

14 அக்டோபர், புதன்

கடலைக்கொடி பிடுங்குகிறோம். ஆள் போதவில்லை என்று நானும் இறங்கிவிட்டேன். மத்தியானம் தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், உட்கார்ந்தார். கல்யாணத்தன்று பார்த்ததைவிட இளைத்திருக்கிறார்.

அம்மா மோர் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடித்து, டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு… சௌக்கியந்தானான்னு கேளுங்க அத்தை."

அம்மா புறக்கடைக்குக் கூடையை எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றாள். ஒரு கணம் பழைய வழக்கப்படி அடுக்களைப் பக்கம் தலை திரும்பியது. பிறகு இல்லை.

"அவ உள்ளதான் இருக்கறா, சாமி. நான் கடலை ஆயோணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் சுவரோரம் நின்றேன். போய்விட்டிருக்க வேண்டும். போகவில்லை. அவர் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் கனைத்தார். முதுகில் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"சௌந்திரம்," என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏனுங்க?"

அதற்குமேல் நான் நிற்கவில்லை. கடலைக்காட்டுக்குப் போய்விட்டேன்.

பொழுது இறங்கித் திரும்பியபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார், தனியாக. சௌந்திரம் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. வருகிற புதன்கிழமையும் வருவதாகச் சொன்னாராம் மாப்பிள்ளை. அம்மா சொன்னாள்.

"உங்கிட்டச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்றாரு?" என்றாள் அம்மா. "அவகிட்டத்தான்."